அபாகஸா, ஒர்க்‌ஷீட்டா, பல்லாங்குழியா: சின்னப் பிள்ளைக்குக் கணக்கு வர எது உதவும்?

ஜூன் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். நான் வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் சாயங்கால ட்யூஷன் எடுப்பவள்; ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை. இந்த வருஷம் முதலில் கேட்டவர் அனுப்பானடியிலிருந்து ஓர் அம்மா.

"டீச்சர், பாப்பா ஒண்ணாவதுதான் போறா. எதுத்த வீட்டுப் பிள்ளை அபாகஸ் போகுது, நாங்களும் சேத்துவிடவா? இல்ல தினமும் ஒர்க்‌ஷீட் குடுக்குற சென்டருக்கு அனுப்பவா? எங்க வீட்டுக்காரர் போன்லயே கணக்கு கேம் இருக்குங்கிறார். அத்தை என்னன்னா, ஒண்ணும் வேணாம், எங்கூடப் பல்லாங்குழி ஆடுனா போதும்ங்கிறாங்க."

ஒரு வீட்டுக்குள்ளேயே நாலு வழி. எந்த வழியும் முழுப் பொய் இல்லை, அதனால்தான் குழப்பம். எதை எப்போது எடுப்பது என்று சொல்லும் முன், "கணக்கு வருது" என்று நாம் சொல்வதற்குள் எத்தனை சமாச்சாரம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கண்ணளவு வேறு, கணக்கு வேறு

தெற்குவாசல் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கட்டுகிற அம்மா எண்ணுவதில்லை, நிறுப்பதில்லை. வாங்குகிற நாமும் எண்ணாமலேயே "அந்தக் கூறைக் குடுங்க" என்று பெரிதாகப் பார்த்துக் கை நீட்டுகிறோம். இதுதான் கண்ணளவு. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆறு மாதக் கைக்குழந்தைக்குக்கூட 8 புள்ளியும் 16 புள்ளியும் வேறு என்று தெரிகிறது. 8-க்கும் 12-க்கும் தெரிவதில்லை. வளர வளரக் கண் கூர்மையாகிறது. ஆனால் அது பார்ப்பது வித்தியாசத்தை அல்ல, விகிதத்தை. 10 கடலைக்கும் 20 கடலைக்கும் பார்த்தவுடன் பதில் வரும். 110-க்கும் 120-க்கும் பெரியவர்களே திணறுவோம், இரண்டிலும் வித்தியாசம் அதே பத்துதான்.

நாலு வரைக்கும் மட்டும் கண் துல்லியமாகச் சொல்லிவிடும், எண்ணவே வேண்டாம். பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுகிறோமே, யாராவது எண்ணிப் பார்த்து அள்ளுகிறார்களா? நாலுக்கு மேல் போனால்தான் விரல் குழிக்குள் போகும்.

இந்தக் கண்ணளவுக்கும் பள்ளிக் கணக்குக்கும் என்ன உறவு? 2008-ல் அமெரிக்காவில் 14 வயதுப் பிள்ளைகள் 64 பேருக்கு இரண்டு நிறப் புள்ளிகளை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டி, எது அதிகம் என்று கேட்டார்கள். கண் கூர்மையாக இருந்த பிள்ளைகள், சின்ன வகுப்பிலிருந்தே கணக்கில் நன்றாகச் செய்தவர்களாக இருந்தார்கள். "கண்ணைத் தீட்டினால் கணக்கு தானே வரும்" என்ற பேச்சுக்கு அது பெரிய ஊக்கம் கொடுத்தது.

பிறகு வந்தது அவ்வளவு இனிப்பாக இல்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, புள்ளி ஒப்பிடும் திறமைக்கும் கணக்குத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.24 என்று வந்தது (முழுத் தொடர்பு என்றால் 1). எழுதிய எண்களை ஒப்பிடுவதற்கு (7 பெரிதா, 9 பெரிதா) 0.30. பிள்ளைகளுக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு புள்ளியோடும், ஒன்பது பங்கு எழுதிய எண்ணோடும் சேர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல்: அமேசான் காட்டின் முண்டுருகு மக்களிடம் பார்த்தபோது, பள்ளிக்குப் போனவர்களுக்குக் கண்ணளவே கூர்மையாகியிருந்தது. ஆக, எதனால் எது வளர்கிறது என்பது மாமியார் மருமகள் சண்டையில் யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்பது மாதிரி.

என் அனுபவத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது கண்ணளவிலும் இல்லை, கூட்டல் கழித்தலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது: 'ஏழு' என்ற சொல், '7' என்ற எழுத்து, ஏழு புளியங்கொட்டை, மூன்றும் ஒன்றுதான் என்று மனசில் பதிவது. அங்கேதான்.

எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்வி வைத்துக்கொள்கிறேன். கண்ணளவு, பாலம், வேகக் கணக்கு, இதில் எதை இந்த வழி வளர்க்கிறது? வளர்ந்தது பள்ளி நோட்டுக்கு வந்து சேர்கிறதா? சொல்லும் ஃபீஸ் போக என்ன செலவு? வீட்டில் யார் உட்கார வேண்டும், எவ்வளவு நேரம்? பாதியில் விட்டால் கையில் என்ன மிஞ்சும்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மதுரை வெயிலில் மே மாதம் ஊருக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளில் பாதி எந்த வகுப்புக்கும் திரும்பிப் போவதில்லை என்பதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அதுதான் முக்கியம்.

அபாகஸ் வகுப்பு

வகுப்புகளில் தரும் மணிச்சட்டம் ஜப்பான் சட்டம். ஒரு கம்பியில் மேலே ஒரு மணி, அதன் மதிப்பு 5. கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் 1. நாலு மணியும் மேலே ஏறி நிற்கும்போது மூன்றைக் கூட்டச் சொன்னால் கீழே மணி மிச்சமில்லை. அப்போது ஐந்தை இறக்கி இரண்டைத் தள்ள வேண்டும். இதை 'ஸ்மால் ஃப்ரெண்ட்' என்பார்கள். பத்துக்கு வரும் ஜோடி 'பிக் ஃப்ரெண்ட்'. கொஞ்ச காலம் கழித்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, மனசுக்குள் மணி ஓட்டச் சொல்வார்கள்.

இது வேலை செய்கிறதா? செய்கிறது. குஜராத்தின் வதோதராவில் 5 முதல் 7 வயதுக்குள் இருந்த 204 பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மன அபாகஸ் கற்ற பிள்ளைகள் கூட்டல் கழித்தல் போன்ற கணக்கில் மற்றவர்களை முந்தினார்கள். ஆனால் அடிப்படை மூளைத் திறன்கள் மாறவில்லை. நோட்டீஸில் போடும் "ஞாபக சக்தி, கவனம், முழு மூளை வளர்ச்சி" எதுவும் அங்கே தென்படவில்லை. ஆரம்பத்திலேயே, பார்த்ததை இடத்தோடு மனசில் நிறுத்தி வைக்கும் திறமை நன்றாக இருந்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். அதாவது வகுப்பு அந்தத் திறமையைக் கொடுக்கவில்லை, இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டது.

என்னிடம் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். 47-ம் 38-ம் என்றால் கண்ணை மூடுவான், தொடை மேல் இரண்டு விரல் ஆடும், "85" என்பான். நான் பேனா எடுக்கும் முன் சொல்லிவிடுவான். அவனிடம் ஒரு நாள், "கள்ளழகரைப் பாக்க 48 பேர் போறாங்க, ஒரு ஆட்டோவுல 5 பேர், எத்தனை ஆட்டோ வேணும்?" என்றேன். விரல் ஆடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், இது ப்ளஸ்ஸா மைனஸா?" என்றான். வேகம் இருந்தது, எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. குற்றம் அபாகஸ் மேல் இல்லை. அதனிடம் நாம் எதிர்பார்ப்பது தப்பு.

கண்ணுக்குத் தெரியாத செலவு: சட்டமும் புத்தகமும், டி-ஷர்ட், லெவலுக்கு லெவல் பரீட்சைக் கட்டணம், போட்டி என்றால் பதிவுக் கட்டணம், அது வெளியூரில் என்றால் குடும்பத்தோடு பயணம். முதல் மாத ஃபீஸைக் கேட்காதீர்கள், "கடைசி லெவல் வரைக்கும் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அப்புறம் தினமும் வீட்டுப் பயிற்சி. அதைவிட வலிப்பது ஒன்று உண்டு: விடை மட்டும் எழுதி, "1 மேல" என்ற படியை எழுதாத நோட்டில் பள்ளியில் மதிப்பெண் குறைக்கிறார்கள், பிள்ளை சரியாகப் போட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறது.

பாதியில் விட்டால் மிஞ்சுவது குறைவு. சட்டத்தோடு நிற்கும் கட்டத்தில் விட்டால் விரல் மறந்துவிடும். ஏழெட்டு வயதுக்கு மேல், எண்கள் நன்றாகப் பழகி, மணி ஓட்டுவதில் உண்மையிலேயே ஆசை உள்ள பிள்ளைக்கு, இரண்டு மூன்று வருஷம் விடாமல் அனுப்ப முடியும் என்றால் தாராளமாகச் சேருங்கள். ஆறு வயதில், எதிர்த்த வீட்டுக்காக, வேண்டாம்.

தினசரி ஒர்க்‌ஷீட்

ஜப்பானில் 1954-ல் கணக்கு வாத்தியார் தோரு குமோன் தன் மகனுக்காகத் தாள் எழுத ஆரம்பித்தார். தினம் கொஞ்சம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து என்ற வழி அப்படிப் பரவியது. இன்று ஊரில் பல பெயர்களில் நடக்கிறது. பலம் நேரடியானது. பயிற்சியும் தாளில், பரீட்சையும் தாளில். எனவே நோட்டுக்கு வந்து சேர்வதில் சந்தேகமே இல்லை, பாதியில் விட்டாலும் அதுவரை பழகியது கையில் நிற்கும்.

பலவீனம், பாலம் இல்லாத பிள்ளையும் தாளை நிரப்பிவிடும். 6+1, 7+1, 8+1 என்று வரிசையாக வந்தால் முந்தின விடைக்கு அடுத்ததை எழுதினால் சரியாகப் போகிறது. டிக் விழும், புரிந்திருக்காது. வாரம் ஒரு முறை தாளில் ஒரு கணக்கைக் காட்டி, "இதைப் புளியங்கொட்டையில செஞ்சு காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். செலவு பணத்தில் அளவாகத்தான் இருக்கும்; இரவு எட்டரைக்குத் தாளை முடிக்கச் சொல்லி நடக்கும் வீட்டுச் சண்டைதான் பெரிய செலவு.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் சேர்க்கும் முன் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2022-லிருந்து நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பாடம் நடக்கிறது. பொருள்களை வைத்து எண்ணும் வேலையும் அதிலேயே உண்டு. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் இலவசமாகச் சொல்லிவிடுவார்.

போனில் புள்ளி விளையாட்டு

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். புள்ளிக் கூட்டங்களைக் காட்டி எது அதிகம் என்று கேட்கும் விளையாட்டுகள் கண்ணளவை வளர்க்கும். டெல்லியில் 1,540 சின்னப் பிள்ளைகளிடம் நாலு மாதம், போனில் அல்ல, குழுவாக உட்கார்த்தி இந்த மாதிரி எண், வடிவ விளையாட்டுகளை நடத்தினார்கள். 2017-ல் முடிவு வந்தது. கண்ணளவு முன்னேறியது, ஒரு வருஷம் கழித்தும் அது குறையவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புக் கணக்கில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தவில்லை. முறையாக ஆள் வைத்துச் செய்த விளையாட்டின் கதியே இது. இதற்காகப் போனைக் கையில் கொடுத்தால், திரும்ப வாங்குவது உங்கள் பாடு.

வீட்டு விளையாட்டும் கடைத்தெருவும்

அந்த அத்தை சொன்னது இதுதான். முக்கால்வாசி சரி.

அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய அட்டையில் காய் நகர்த்தும் விளையாட்டு. இரண்டு வாரத்துக்குள் நாலு முறை, முறைக்குக் கால் மணி, இருபது நிமிஷம். மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். எண்களைப் படிப்பது, எண்ணுவது, எது பெரிது என்பது, எல்லாம் முன்னேறி, ஒன்பது வாரம் கழித்தும் நின்றது. அதே அட்டையில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. டெல்லிப் புள்ளிகளில் இல்லாதது இங்கே இருக்கிறது, எழுதிய எண்ணும் வாயால் சொல்லும் எண்ணும்.

எனவே பரமபதம் ஆடும்போது ஒரே ஒரு விதியைச் சேருங்கள். 23-ல் நிற்கும் காய்க்கு 4 விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்தக் கூடாது. "இருபத்தி நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். நூறு வரை உள்ள அட்டையில் இதைச் செய்து பார்த்தபோது, ஒன்றிலிருந்து எண்ணியவர்களைவிட இப்படி எண்ணியவர்களே அதிகம் கற்றார்கள். தாயக்கட்டையில் விழுந்ததை உடனே கூட்டிச் சொல்லவையுங்கள்: மூணும் ரெண்டும் அஞ்சு, இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு என்பதை மட்டும் பிள்ளைகள் ஒரு நாளும் மறப்பதில்லை. பல்லாங்குழியில் குழியை அள்ளும் முன் "எத்தனை இருக்கும்?" என்று குத்துமதிப்பாகச் சொல்லவைத்து, பிறகு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணளவும் எண்ணும் சேருமிடம் அதுதான்.

ஆங்கில மீடியம் பிள்ளைகளோடும் இதையெல்லாம் தமிழில் ஆடுங்கள். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் கேட்கிறது; லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே? ஒன்பது மட்டும் நம் மொழியிலும் படுத்தும். ஐம்பது, அறுபது மாதிரியே 'பது' என்று முடிந்து குழப்பும். தொண்ணூறில் நூறு வருவதற்கு முன்பே நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம். எண்பத்தொன்பதுக்கு அடுத்து "எண்பத்திப்பத்து" என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அது மொழியைவிட ஒழுங்காக யோசிக்கிறது.

சரி, மீதிக் கால்வாசி? என்னிடம் ஐந்தாவது படித்த ஒரு பையன், அப்பத்தாவோடு பூக்கூடையில் உட்காருவான். முழம் 35 ரூபாய், மூன்று முழம், இருநூறு ரூபாய்த் தாள். பூவை நறுக்கும் முன்பே "தொண்ணூத்தஞ்சு மிச்சம்" என்று எடுத்து நீட்டுவான். என் வீட்டு மாடியில் அதே 35 × 3-ஐ எழுதிப் போட்டபோது வந்த விடை 915. ஐம்மூன்று பதினைந்து என்று எழுதி, பக்கத்தில் மும்மூன்று ஒன்பது என்று வைத்துவிட்டான். "மூணு முழம் பூ தொள்ளாயிரத்துப் பதினஞ்சு ரூவாயாடா?" என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். உடனே அடித்துத் திருத்தினான்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகள் ஐந்து பேரிடம் 1985-ல் பார்த்தது இதேதான்: வியாபாரத்தில் நூற்றுக்கு 98 சரி, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கேட்டால் 37. 2025-ல் வெளிவந்த ஆய்வில் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடமும் அப்படியே: சந்தையில் சிக்கலான கணக்கையும் மனசில் போட்டவர்கள், பள்ளி வடிவில் கேட்டதும் தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்தவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தானாக எதுவும் போகவில்லை.

எனவே வீட்டு வழியின் மறைவான செலவு பெரியவர்களின் நேரம் மட்டும் இல்லை. ஆடி முடித்ததும், கடைக்குப் போய் வந்ததும், அதையே ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும்: 35 × 3 = 105, 200 − 105 = 95. இந்த ஒரு வரியைத்தான் எல்லா வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

| வழி | எதை வளர்க்கும் | நோட்டுக்கு வருமா | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அபாகஸ் | வேகக் கணக்கு | விடை வரும், படி வராது | பல லெவல், போட்டி, தினப் பயிற்சி | 7 வயதுக்கு மேல், ஆசை உள்ளவர் |
| ஒர்க்‌ஷீட் | எழுத்துக் கணக்கு | நேராக வரும் | புரியாமல் நிரப்புவது, சண்டை | பாலம் இருந்து பயிற்சி இல்லாதவர் |
| போன் விளையாட்டு | கண்ணளவு | அநேகமாக வராது | போன் | பஸ்ஸில் பொழுது போக |
| வீடு, கடைத்தெரு | பாலம் | எழுதிப் பார்த்தால் வரும் | பெரியவர் நேரம் | 4 முதல் 7 வயது |

முடிவெடுக்கும் முன் பத்து நிமிஷம்

ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தும் பதினைந்துமாகக் குவித்து எது அதிகம் என்று கேளுங்கள், எண்ணக் கூடாது. ஏழு கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லி, முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் எண்ணுவது பாட்டாகத்தான் இருக்கிறது. "ஆறு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். 6, 8 என்று எழுதி எது பெரிது என்று கேளுங்கள். ஒரு கோடு போட்டு ஒரு முனையில் 0, மறு முனையில் 100 எழுதி, 40 எங்கே என்று தொடச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் சின்ன எண்களை வெகுதூரம் தள்ளி வைப்பது சகஜம். மூன்றாம் வகுப்பிலும் அப்படியே என்றால் கவனியுங்கள்.

நடுவில் உள்ளவற்றில் தடுமாறினால் வீட்டு வழி. எல்லாம் சரி, நோட்டில்தான் தப்பு என்றால் ஒர்க்‌ஷீட். எல்லாமே சரி, இன்னும் வேண்டும் என்று பிள்ளையே கேட்டால் அபாகஸ். எட்டு வயதாகியும், நல்ல முயற்சி எடுத்தும் இவை எதுவுமே பிடிபடவில்லை என்றால் எந்த வகுப்பிலும் பணம் கட்டாதீர்கள். டிஸ்கால்குலியா என்ற கணக்குக் குறைபாடு நூற்றில் மூன்று முதல் ஏழு பிள்ளைகளுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. குழந்தைகளுக்கான உளவியல் நிபுணரிடம் முறையாகப் பரிசோதித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அனுப்பானடி அம்மா அன்று ராத்திரியே செய்து பார்த்துவிட்டுப் போன் போட்டார். பாப்பா குவியலைச் சரியாகக் காட்டியிருக்கிறாள். நூறு வரை மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறாள். "ஆறு குடு" என்றபோது கை நிறைய அள்ளிக் கொடுத்திருக்கிறாள். அபாகஸை அடுத்த ஜூனுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது சாயங்காலம் அத்தையும் பேத்தியும் திண்ணையில் பரமபதம் ஆடுகிறார்களாம். கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தும் விதியில் அடிக்கடி தப்பு விடுவது அத்தைதானாம்.